ஆஃப்ரிக்கா அடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் காலனியாட்சி முடிந்த நாட்களைப் பற்றிய பழைய இத்தாலிய ஆவணப்படம் ஒன்றின் துண்டுக் காட்சிகள் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகாயத்திலிருந்து எடுத்த கடற்கரை, வெள்ளை உடையில் சிதறிக் கிடக்கும் உடல்கள், தோண்டி வைத்த நீண்ட குழிகள். படத்தின் பெயர் தெரியாமலே இவற்றைப் பார்த்தவர்கள் உண்டு. இது எங்கே நடந்தது, நிஜமா, எடுத்தவர்கள் யார், முழுப் படத்தையும் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

1966 பிப்ரவரியில் இத்தாலியில் வெளியான 'ஆஃப்ரிக்கா அடியோ'. ஆப்பிரிக்காவுக்கு விடைகொடுப்பதாகப் பெயர். இயக்கியவர்கள் குவால்தியேரோ ஜாக்கோபெத்தி, ஃபிராங்கோ புரோஸ்பெரி. ஒளிப்பதிவு அந்தோனியோ கிளிமாத்தி, இசை ரிஸ் ஒர்தோலானி, தயாரிப்பு ஆஞ்சலோ ரிஸ்ஸோலி. ஏறத்தாழ மூன்று வருடம் ஆப்பிரிக்காவில் அலைந்து எடுத்தார்கள்.

இதே கூட்டணி 1962ல் 'மோந்தோ கானே' என்ற படத்தை எடுத்திருந்தது. உலகத்தின் மூலைமுடுக்குகளில் இருந்து விசித்திரமான, அருவருப்பான, அதிர்ச்சியான காட்சிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, மேலே கிண்டலான வர்ணனையும் இனிமையான இசையும் போட்ட படம். அது ஓடு ஓடென்று ஓடியது. அதன் பாட்டு ஒன்று ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அதிர்ச்சிக்குச் சந்தை இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள்தான் அடுத்ததாக ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் படத்தின் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

படத்தில் என்னதான் இருக்கிறது?

ஒரே கதை கிடையாது. நாடு நாடாகத் தாவும். கென்யாவில் பிரிட்டிஷ் கொடி இறங்குவது, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியின் வழக்குகள், பண்ணைகளை விற்றுவிட்டுக் கிளம்பும் வெள்ளைக் குடும்பங்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படும் விலங்குகள். 1964 ஜனவரியில் சான்சிபார் படுகொலை, அதே மாதம் தாங்கன்யிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) சிப்பாய்கள் கலகம். ருவாண்டாவில் துட்சி இனத்தவர் துரத்தப்படுவது. காங்கோவில் சிம்பாக்கள் என்ற ஆயுதக்குழுவின் கிளர்ச்சியும் அதை அடக்க வந்த வெள்ளைக் கூலிப்படையும். போர்ச்சுக்கல்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அங்கோலா. கடைசியில் தென்னாப்பிரிக்கா.

தாங்கன்யிகா பகுதியில் ஒரு காட்சி பலருக்கும் மறக்காது. தார் எஸ் சலாமில் சிப்பாய்கள் படக்குழுவின் காரை மறித்து, கண்ணாடியை உடைத்து, ஆட்களை வெளியே இழுக்கிறார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. சுட்டுவிடப் போகிறார்கள் என்ற நேரத்தில் ஒருவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, இத்தாலியர்கள் என்கிறான். விட்டுவிடுகிறார்கள். தெரிந்தோ தெரியாமலோ படத்தில் வரும் ஒரே நல்ல நகைச்சுவை அதுதான்.

எல்லாமே நிஜக் காட்சிகளா?

பெரும்பகுதி நிஜம். பிணங்கள் பொம்மைகள் இல்லை, துப்பாக்கிகள் நாடகத் துப்பாக்கிகள் இல்லை. இதைச் சொல்லிவிட்டு உடனே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜமாக எடுத்த காட்சியை எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம், எந்த இசையை அடியில் விடுகிறோம், பின்னணிக் குரல் என்ன சொல்கிறது என்பதில் படத்தின் அர்த்தமே தலைகீழாகும். இந்தக் கூட்டணி அந்த வேலையில் கைதேர்ந்தது. சில காட்சிகள் கேமராவுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டவை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1967ல் இதைக் கொடூரமான, நேர்மையற்ற, இனவெறி பிடித்த படம் என்று எழுதினார்.

என் கணிப்பு இதுதான்: இந்தப் படத்தில் கேமரா பார்த்ததை நம்பலாம். குரல் சொல்வதை நம்பக் கூடாது. முதல் தடவை பார்ப்பவர்களிடம், வர்ணனையை ஒரு சாட்சியின் வாக்குமூலமாக எடுக்காதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீலின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

படத்துக்காகவே ஆட்களைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

அந்தப் புகாரின் கதை இது. காங்கோவில் கூலிப்படையோடு படக்குழு போனபோது, கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சிகள் பதிவாயின. கார்லோ கிரெகொரெத்தி என்ற இத்தாலியப் பத்திரிகையாளரும் அப்போது கூட இருந்தார். கேமரா சரியான கோணத்தில் நிற்கும் வரை மரணதண்டனை காத்திருந்தது என்ற பொருளில், 1964 இறுதியில் 'எல் எஸ்பிரெஸ்ஸோ' பத்திரிகையில் விஷயம் வெளியானது. இத்தாலியில் பெரிய பரபரப்பே ஆயிற்று. ஜாக்கோபெத்தி மீது கொலைக்கு உடந்தை என்று விசாரணை வந்தது. தாங்கள் போய்ச் சேர்ந்ததும் நடந்தது அது, தாங்கள் ஏற்பாடு செய்ததில்லை என்று அவர் ஆவணங்களைக் காட்டினார். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

சட்டப்படி விஷயம் அங்கே முடிந்தது. பார்ப்பவனுக்கு முடியவில்லை. ஒரு மனிதன் சாவதற்குச் சில நொடிகள் முன்னால் அவன் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், சுட ஏற்பாடு செய்யவில்லை என்றாலும், தடுக்க ஒரு வார்த்தையாவது சொன்னானா? படம் இந்தக் கேள்வி பக்கம் திரும்பவே இல்லை.

சான்சிபாரில் நடந்தது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துண்டுக் காட்சிகளாகப் பரவுவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

சான்சிபார் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுகள். பெரியவை உங்குஜா, பெம்பா என்ற இரண்டு. ஓமான் சுல்தான்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் தலைநகரத்தையே மஸ்கட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார்கள். கிராம்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தன. உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை விற்கும் சந்தை இங்கே 1873 வரை வெளிப்படையாக நடந்தது. 1890ல் பிரிட்டன் இதைத் தன் பாதுகாப்பு நாடாக்கிக்கொண்டது. சுல்தானை அப்படியே வைத்துக்கொண்டு அவர் மூலம் ஆண்டது. நிலம் பெரும்பாலும் அரபு முதலாளிகளிடம், கடையும் கடனும் இந்திய வணிகர்களிடம், உடல் உழைப்பு ஆப்பிரிக்கர்களிடம். இந்தப் பிரிவை பிரிட்டிஷ் நிர்வாகம் கணக்கெடுப்பிலும் நிர்வாகத்திலும் கெட்டிப்படுத்தியது.

1963 ஜூலைத் தேர்தலில் ஆப்பிரிக்கர்களின் ஆஃப்ரோ-ஷிராசி கட்சிக்கு 54 சதவீத வாக்கு. ஆனால் கிடைத்த இடங்கள் 31ல் 13. அரபு மேட்டுக்குடியினர் செல்வாக்குள்ள கூட்டணிக்கு 18. தொகுதி பிரித்த லட்சணம் அப்படி. அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி பிரிட்டன் சுதந்திரம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. சுல்தான் ஜம்ஷித் அரியணையில் இருந்தார். புதிய அரசு, பெருநிலப்பகுதியைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் போலீஸ்காரர்களை வேலையைவிட்டு அனுப்பத் தொடங்கியது. ஆயுதம் பயன்படுத்தத் தெரிந்தவன், காவல் நிலையத்தின் உள்ளமைப்பு தெரிந்தவன், கையில் வேலை இல்லாதவன். இப்படிப்பட்டவர்களைத் தெருவில் விட்டால் என்ன ஆகும்?

சுதந்திரம் வந்து ஒரு மாதம். 1964 ஜனவரி 12 அதிகாலையில், உகாண்டாவில் பிறந்த ஜான் ஒகெல்லோ என்பவர் சில நூறு பேரோடு போலீஸ் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார். துப்பாக்கிகள் கைக்கு வந்ததும் சில மணி நேரத்தில் ஆட்சி போயிற்று. சுல்தான் படகில் தப்பினார். ஒகெல்லோ தனக்குத் தானே ஃபீல்டு மார்ஷல் பட்டம் கொடுத்துக்கொண்டு வானொலியில் மிரட்டல்களை வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பல நாட்கள் அரபுக் குடும்பங்கள் வேட்டையாடப்பட்டன. இந்தியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன, அவர்களிலும் உயிர் இழந்தவர்கள் உண்டு. செத்தவர்கள் எத்தனை என்பதில் இன்றும் சண்டை. சில நூறு என்பவர்களிலிருந்து 20,000 என்பவர்கள் வரை இருக்கிறார்கள். தீவுகளின் மொத்த மக்கள்தொகையே அப்போது மூன்று லட்சத்தை ஒட்டித்தான்.

படக்குழு மேலே பறந்து எடுத்தது இந்த நாட்களில்தான். வரிசையாக நடத்திச் செல்லப்படும் மனிதர்கள், சிறிது நேரத்தில் கீழே கிடக்கும் உடல்கள், கடலை நோக்கி ஓடித் தண்ணீர் விளிம்பில் விழுந்து கிடப்பவர்கள்.

அதை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

வேறு வழியில்லை என்று சொல்லலாம். அந்தக் கொலைகளை நேரடியாகப் பதிவு செய்த படச்சுருள் வேறொன்று இருப்பதாகத் தெரிய வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களில் உள்ளே போன சிலரும் சுதந்திரமாக நடமாட முடியவில்லை.

சான்சிபாரிலேயே இதற்கு இரண்டு வாசிப்புகள். தான்சானியாவில் ஜனவரி 12 இன்றும் புரட்சி தினம், அரசு விடுமுறை. புரட்சியை விடுதலையாகக் கொண்டாடுபவர்களில் பலர், இது வெள்ளைக்காரன் நடித்து எடுத்த படம், நம்பாதே என்கிறார்கள். குடும்பத்தை இழந்தவர்களும், ஓமானிலும் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறியவர்களும், பல பத்தாண்டுகள் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்கு இதுதான் சாட்சி என்கிறார்கள். வீடியோ கேசட்டாக, பிறகு குறுந்தகடாக, இப்போது கைபேசியில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. தங்களைப் பற்றிய இழிவான வர்ணனையோடு வரும் படத்தில்தான் தங்கள் தாத்தாவின் சாவுக்கு ஆதாரம் இருக்கிறது என்பது அந்த மக்களுக்கு வாய்த்த கொடுமை.

படம் சொல்லாமல் விட்டதும் இந்தப் பகுதியில்தான் நன்றாகத் தெரியும். அரபு அடிமை வணிகத்தை நினைவூட்ட அதற்கு நேரம் இருக்கிறது. 54 சதவீதம் வாங்கியவன் எதிர்க்கட்சியில் உட்கார்ந்த கதைக்கு நேரமில்லை.

இனவெறிப் படம் என்று ஏன் சொல்கிறார்கள்? கொலை நடந்தது உண்மைதானே?

உண்மைதான். சிக்கல், படம் கதையை எங்கே ஆரம்பிக்கிறது என்பதில். கொடி இறங்கும் நாளில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய எழுபது எண்பது வருடம் நடக்கவே இல்லை என்பதுபோல. தொடக்க வர்ணனையில் ஐரோப்பா ஒரு தாதி, ஆப்பிரிக்கா அவள் பாதியில் விட்டுப்போகும் பச்சைக் குழந்தை. இந்த ஒரு உருவகம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக் கிளம்பும் வெள்ளைப் பண்ணையாரைப் பார்த்தால் நமக்கே பாவமாகத்தான் இருக்கும். அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த மலைநாட்டு நிலம் கிகூயூ மக்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் பிடுங்கி வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது என்பதைப் படம் விளக்கப் போவதில்லை. 1952ல் அவசரநிலை அறிவித்த பிறகு பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்ட கென்யர்கள் 1,090 பேர். மாவ் மாவ் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேறிகள் 32 பேர். 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள், முதலில் அசுத்தமான தண்ணீர் குடித்துச் செத்தார்கள் என்று அரசு சமாளித்தது. 2013ல்தான் பிரிட்டன் தன் ஆட்சியில் சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டு, உயிரோடிருந்த 5,228 பேருக்காக 19.9 மில்லியன் பவுண்டு தர முன்வந்தது. 1966ல் படம் எடுத்தவர்களுக்கு 2013 தெரியாது, சரி. ஹோலா தெரியும். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதை வைத்து விவாதித்திருந்தது.

காங்கோ இன்னும் மோசம். 1885 முதல் 1908 வரை அந்த நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ரப்பர் கணக்குக் குறைந்தால் கையை வெட்டினார்கள். அதற்கப்புறம் பெல்ஜிய அரசு ஆண்டது. 1960 ஜூன் 30 அன்று சுதந்திரம் கொடுத்தபோது முழு நாட்டிலும் காங்கோ பட்டதாரிகள் இருபதுக்கும் குறைவு. இராணுவத்தில் ஒரு காங்கோ அதிகாரிகூடக் கிடையாது. ஏழு மாதத்துக்குள், 1961 ஜனவரி 17ல், முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா கட்டங்கா மாகாணத்தில் பெல்ஜிய அதிகாரிகள் பார்த்திருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சிய ஒரு பல்லைப் பெல்ஜியம் 2022ல்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு 1964ன் ஸ்டான்லிவில் நகரக் காட்சிகளைப் பாருங்கள். சிம்பாக்கள் செய்த கொலைகள் கொலைகள்தான், அதை யாரும் மென்மையாக்க வேண்டாம். ஆனால் அவை வானத்திலிருந்து விழவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். எடுத்தவர்கள் இத்தாலியர்கள். இத்தாலியும் ஆப்பிரிக்காவை ஆண்ட நாடு. 1935-36ல் எத்தியோப்பியாவில் கடுகு வாயுவைப் பொழிந்தது, 1937 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் தன் ஆளுநர் மீது குண்டு வீசியதற்காக ஊரையே வேட்டையாடியது. அந்த விஷவாயுவை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டது 1996ல்தான். ஆங்கிலேயன் போனதையும் பெல்ஜியன் போனதையும் விமர்சிக்கும் படத்தின் முக்கிய அத்தியாயங்களில் ஒன்றுகூட எத்தியோப்பியா பற்றியோ லிபியா பற்றியோ இல்லை.

இயக்குநர்கள் இதற்கு என்ன பதில் சொன்னார்கள்?

தாங்கள் ஆப்பிரிக்கர்களைக் குறை சொல்லவில்லை, அந்தக் கண்டத்தை அந்த நிலையில் போட்டுவிட்டு ஓடிய ஐரோப்பாவைத்தான் குறை சொன்னோம் என்று ஜாக்கோபெத்தி கடைசிவரை சொன்னார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. அவசரமாகக் கைகழுவியது உண்மை. ஆனால் ஓடியது தப்பு என்பதும் வந்ததே தப்பு என்பதும் வேறு வேறு வழக்குகள். அவர் முதலாவதை மட்டும் தாக்கல் செய்தார்.

படத்தில் வரும் ருவாண்டா, 1994 இனப்படுகொலையா?

இல்லை. முப்பது வருடம் முந்தையது. பலர் குழம்பும் இடம் இது.

பெல்ஜியர்கள் 1930களில் ஒவ்வொருவருக்கும் ஹுட்டு, துட்சி என்று அடையாள அட்டையில் முத்திரை குத்தினார்கள். பல காலம் துட்சி மேட்டுக்குடியைத் தூக்கிப் பிடித்துவிட்டு, சுதந்திரம் நெருங்கியபோது ஹுட்டு பக்கம் சாய்ந்தார்கள். 1959ல் கலவரம், பல்லாயிரம் துட்சிகள் அகதிகள். 1963 டிசம்பரில் அகதிகளில் ஒரு ஆயுதக்குழு புருண்டியிலிருந்து உள்ளே புகுந்தது. அதற்குப் பழியாக, உள்ளே இருந்த அப்பாவித் துட்சிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அப்போதே இதை நாஜிகளின் யூத அழிப்போடு ஒப்பிட்டுக் கண்டித்தார். உலகம் கண்டுகொள்ளவில்லை. படத்தின் இந்தப் பகுதியை 1994 தெரிந்த கண்ணால் பார்க்கும்போது, வர்ணனை என்ன உளறினாலும், காட்சிக்குத் தனி கனம் வந்துவிடுகிறது.

விலங்குக் காட்சிகள் ஏன் இவ்வளவு?

ஐரோப்பியப் பார்வையாளனுக்கு மனிதன் சாவதைவிட வரிக்குதிரை சாவது உறுத்தும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஈட்டி குத்திய நீர்யானை, சாய்ந்து விழும் யானை, ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு போகும் குட்டி வரிக்குதிரை. எல்லாம் நிஜச் சாவு. பலவீனமான மனதுள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், கதை ஒன்றும் விட்டுப்போகாது.

வெள்ளைக்காரன் போனதும் காடு அழிந்தது என்பது படத்தின் வாதம். வெள்ளை வேட்டைக்காரர்களின் அட்டகாசத்தையும் அது காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்கு அவ்வளவு எளிதில்லை. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் 1909ல் தொடங்கிய ஒரே பயணத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுட்டது 512 விலங்குகள். அதை அப்போது விளையாட்டு என்றார்கள். மறுபக்கம், தாங்கன்யிகாவின் தலைவர் ஜூலியஸ் நியரேரே 1961 செப்டம்பரில், சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பே, வனவிலங்குகளைக் காப்பதாக அருஷாவில் உறுதியளித்தார். அங்குள்ள செரங்கெட்டி வனவிலங்குப் பூங்கா இன்றும் இருக்கிறது. கென்யா 1977ல் வேட்டையையே தடை செய்தது. எழுபது, எண்பதுகளில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டதும் உண்மை. படம் ஜோசியம் சொன்ன மாதிரி எல்லாம் முடிந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்கப் பகுதி பற்றி?

படத்தின் கடைசிப் பகுதி. இரத்தமெல்லாம் ஓய்ந்து, கேப் டவுன் வெயிலில் வெள்ளைப் பெண்கள் ஸ்லோமோஷனில் குதித்து விளையாடுகிறார்கள். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1960 மார்ச் 21ல் ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தது. 1964 ஜூனில் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை. இனவாரியாக வசிக்கும் இடத்தைப் பிரித்த குழு வசிப்பிடச் சட்டத்தின் பெயரால் வெள்ளையரல்லாதவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்து வேரூன்றிய டர்பன் தமிழர்களும் அதில் அடக்கம். கேட்டோ மேனர் என்ற பகுதியில் கோயில் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் சிதறடிக்கப்பட்ட காலம் அது. சாவைத் தேடித் தேடி எடுத்த கேமராவுக்கு இந்த வன்முறை படம் பிடிக்க வாகாக இல்லை போலிருக்கிறது.

வெளியானபோது எதிர்ப்பு வந்ததா?

பலமாக. 1966 ஆகஸ்டில் மேற்கு பெர்லினில் அஸ்டோர் தியேட்டர் முன்னால் ஆப்பிரிக்க மாணவர்களும் ஜெர்மானிய இடதுசாரி மாணவர்களும் திரண்டார்கள். உள்ளே போய்த் திரையைக் கிழித்தவர்களும் உண்டு. அந்தத் தியேட்டர் படத்தைத் தூக்கியது. இரண்டு வருடம் கழித்து ஐரோப்பாவை உலுக்கிய மாணவர் எழுச்சிக்கு முன்னோட்டமாக இந்தப் போராட்டத்தைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியிலோ நிலைமை வேறு. அதே 1966ல் தயாரிப்புக்காக ரிஸ்ஸோலிக்குத் 'தாவித் தி தொனதெல்லோ' என்ற இத்தாலியத் திரைப்பட விருது கொடுத்தார்கள்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

இத்தாலிய முழுப் பதிப்பு கிட்டத்தட்ட 140 நிமிடம். 1970ல் அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் ஏறத்தாழ 80 நிமிடத்துக்கு வெட்டி, 'ரத்தமும் குடலும்' என்ற தொனியில் பெயர் மாற்றி வெளியிட்டார். அரசியலை எடுத்துவிட்டுக் கொலைகளை மட்டும் வைத்துக்கொண்ட பதிப்பு. ஜாக்கோபெத்தியே அதைத் தன் படமாக ஏற்கவில்லை. இணையத்தில் கிடைப்பதில் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமர்சிப்பதற்குக்கூட முழுசாகப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ஆவணப்படம்தானே என்று கூடத்தில் போட்டுவிடாதீர்கள்.

அப்படியென்றால் பார்க்கத்தான் வேண்டுமா?

எல்லோரும் பார்க்க வேண்டிய படம் என்று சொல்ல மாட்டேன். செய்திப் படங்களும் ஆவணப்படங்களும் எப்படி நம்மை ஒரு பக்கம் சாய்க்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும், ஆப்பிரிக்க வரலாறு படிப்பவர்களுக்கும் இது தவிர்க்க முடியாதது. முதலில் சான்சிபாரைப் பற்றியும் காங்கோவைப் பற்றியும் ஒரு பத்துப் பக்கமாவது வாசித்துவிட்டு உட்காருங்கள். ஒரு பகுதியை ஒலியில்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒர்தோலானியின் வயலின்கள் எவ்வளவு வேலை செய்திருக்கின்றன என்று அப்போதுதான் உறைக்கும்.

ஒரு தகவல். செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் முதல் முழுநீளப் படம் வந்ததும் இதே 1966ல்தான். டக்காரிலிருந்து பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஆப்பிரிக்கா தன் வாயால் பேசுவதற்கும் இன்னொருவர் அதற்கு வாய் கொடுப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

இந்தக் கதையில் வருபவர்கள் பின்னால் என்ன ஆனார்கள்?

ஒகெல்லோவைப் புரட்சியால் பயனடைந்தவர்களே கழற்றிவிட்டார்கள். 1964 மார்ச்சில் வெளியூர் போய்த் திரும்பியவரை சான்சிபாருக்குள் விடவில்லை. 1971ல் உகாண்டாவில் இடி அமீனோடு காணப்பட்டார், அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஜனாதிபதியான அபெய்த் கரூமே 1964 ஏப்ரலில் தாங்கன்யிகாவோடு தீவுகளை இணைத்தார், தான்சானியா பிறந்தது. 1972ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுல்தான் ஜம்ஷித் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் சாதாரண வீட்டில் வாழ்ந்தார். 2020ல்தான் ஓமான் போக அனுமதி கிடைத்தது, 2024 டிசம்பரில் இறந்தார்.

காங்கோவில் வெள்ளைக் கூலிப்படையை நடத்திய மைக் ஹோர் கல்கத்தாவில் பிறந்தவர். 1981ல் சேஷெல்ஸ் தீவுகளில் ஆட்சியைக் கவிழ்க்கப் போய் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டு, அங்கே வந்து இறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்தி டர்பனுக்குத் தப்பினார். சிறை சென்று 1985ல் வெளியே வந்தவர், நூறு வயது வரை இருந்து 2020ல் டர்பனில் செத்தார்.

ஜாக்கோபெத்தியும் புரோஸ்பெரியும் இனவெறிப் பழியைத் துடைக்கும் முயற்சியாக அமெரிக்க அடிமை முறையைப் பற்றி 1971ல் இன்னொரு படம் எடுத்தார்கள். ஹெய்ட்டியில், சர்வாதிகாரி டுவாலியேவின் உதவியோடு, அந்த நாட்டு ஏழைகளை நிர்வாணமாக நிறுத்தி எடுத்த படம் அது. பழி கூடத்தான் செய்தது. ஜாக்கோபெத்தி 2011ல், 91 வயதில் ரோமில் இறந்தார்.